ஆஸ்பத்திரி அரசாங்கத்திடம் போனால் தோட்டத்தின் கடமை முடிந்துவிடுமா?



பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாம் போகும்போதெல்லாம் பெரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பரா வாசலிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரிய கவர்மெண்டு எடுத்துருச்சு. இனிமே தோட்டத்துல ஒண்ணும் கேக்க முடியாதாமே, நெசமா?" என்று சிலர். "டிஸ்பென்சரி தோட்டத்துக்காரங்களோடது, அதனால கவர்மெண்டு மிஸ் நம்ம லயத்துக்கு வரமாட்டாங்க" என்று வேறு சிலர். இரண்டு பேச்சும் தவறு. இந்தத் தவறான எண்ணத்தால் நம் குடும்பங்கள் கைக்கு வரவேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன. ஆகவே எது அரசாங்கத்தின் பொறுப்பு, எது தோட்டத்தின் பொறுப்பு என்று இந்த இதழில் பிரித்துச் சொல்லுகிறோம்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுவோம். வைத்தியம் பார்ப்பது, மருந்து கொடுப்பது, தடுப்பூசி போடுவது இவையெல்லாம் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் பிரசவக் காசு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம், வேலையில் அடிபட்டால் நட்டஈடு, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டவேண்டிய பணம் ஆகியவை தோட்டத்தின் கடமைகளாகவே இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை மாறினாலும் இவை மாறுவதில்லை.

இந்தக் கடமை எப்படி வந்தது?

தோட்டத்தில் டிஸ்பென்சரி வைத்தது துரைமார் மனமிரங்கிச் செய்த தருமம் என்று பெரியவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள் வழியிலும் தோட்டங்களிலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் ஏராளமாக இறந்தார்கள். ஆள் செத்தால் தோட்டமும் நடக்காது. ஆகவே 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அது பல தடவை திருத்தப்பட்டு, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமாயிற்று.

அந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம் துரைக்குச் சில கடமைகளை வைத்தது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். யார் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்து அறிந்து, உடனடி உதவி செய்யவேண்டும். கடுமையான வருத்தம், விபத்து என்றால் மாவட்ட வைத்திய அதிகாரிக்குச் சொல்லியனுப்பவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதத்துக்குச் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்கவேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சரியான பராமரிப்பும் போஷாக்கும் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். நூறு வருடத்துக்கு மேலாகிறது. அன்றைக்கே இது உபகாரமாக அல்ல, சட்டமாகவே எழுதப்பட்டது.

அதன் பின்பு 1934இல் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. இவை இரண்டும் தோட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. நாட்டில் கூலிக்கு வேலை செய்யும் மற்றவர்களுக்கும் உரியவை. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

அரசாங்கம் ஏன் உள்ளே வந்தது?

1950களின் தொடக்கத்திலிருந்து இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கிராமத்துத் தாய்மாருக்கு மருத்துவிச்சி வீடு தேடி வந்தார். ஆனால் தோட்டம் என்றால் அது துரையின் எல்லை, அங்கே வைத்தியம் தோட்டத்தின் வேலை என்று அரசாங்கம் ஒதுங்கி நின்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆக, நாடு முழுவதற்கும் ஒரு சுகாதார சேவை, தோட்டத்துக்கு வேறொரு சேவை என்று இரண்டாகிப் போனது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி ஜனவசமவுக்கும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கொம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதே வருடத்தில்தான் அரசாங்கம், கொம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த பெருந்தோட்ட நலன்புரி நிதியமும் உண்டானது. 1990களிலேயே தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலையும் தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்பு மாகாண சபைகள் வந்ததால், நம் பகுதியில் அநேகமான ஆஸ்பத்திரிகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. 2003இல் பிரஜாவுரிமைப் பிரச்சினையும் சட்டத்தால் தீர்ந்தது. இனி நாம் இரண்டாந்தர நோயாளிகள் அல்ல.

இந்த மாற்றத்தில் நன்மை இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரிகள் அநேகமானவற்றில் பட்டம் பெற்ற டொக்டர் இருந்ததில்லை. தோட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவிச்சி அம்மாவும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். இரவு பகல் பாராமல் உழைத்தவர்களை நாம் மறக்கக்கூடாது. ஆனால் இரத்தம் ஏற்ற, சத்திரசிகிச்சை செய்ய, ஸ்கேன் எடுக்க அங்கே வசதி கிடையாது. பதுளைப் போதனா வைத்தியசாலையிலும், தியத்தலாவை, வெலிமடை, மஹியங்கனை ஆதார வைத்தியசாலைகளிலும் அந்த வசதி உண்டு. அங்கே கிராமத்து ஆளுக்கு இருக்கும் உரிமையே நமக்கும் இருக்கிறது.

கஷ்டமும் இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி இரண்டு கட்டை தூரத்தில் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்சுக்கு நிற்கவேண்டும், ஒரு பேர் போய்விடும். துண்டில் எழுதியிருப்பது சிங்களம், வாசிக்கத் தெரியாது என்று பலர் சொல்லுகிறார்கள். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. மருந்தை எத்தனை தரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று விளங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கு வருவதுதான் ஆபத்து.

தோட்டத்தின் கடமை 1: பிரசவமும் பால் கொடுக்கும் நேரமும்

இதில்தான் நம் பெண்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள். முன்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரமும், மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேலும் 6 வாரமும்தான் பிரசவ நன்மை கிடைத்தது. 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. இப்போது உயிரோடு பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும், அது மூன்றாவதானாலும் நான்காவதானாலும், 12 வாரம் உண்டு.

நம் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தில் மூன்றாவது பிள்ளை பெற்ற ஒரு அக்காவிடம், "ஒங்களுக்கு ஆறு கெழமதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவரும் பழைய கணக்கை நம்பி, பச்சை உடம்போடு கூடையைத் தூக்கப் புறப்பட்டுவிட்டார். தலைவர் ஒருவர் அந்த 2018 சட்டத்தைச் சொல்லி ஒப்பீசில் கேட்ட பின்பு மிச்ச ஆறு கிழமையும் கிடைத்தது. கேட்டவுடனே கொடுத்தார்கள், ஆனால் கேட்கவேண்டியிருந்தது.

பிரசவக் காசு கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. பிரசவத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் அந்தத் தோட்டத்தில் 150 நாளாவது வேலை செய்திருக்கவேண்டும். ஆகவே கர்ப்பம் தரித்ததும் உங்கள் பேர்களை எண்ணத் தொடங்குங்கள். இன்னும் நான்கு விஷயங்கள்:

பிரசவத்துக்குப் பின் 4 வாரத்துக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கவே கூடாது.

பிரசவத்துக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் தரும் வேலை கொடுக்கக்கூடாது. உரமூட்டை தூக்குவது, மருந்தடிக்கும் மலையில் நிற்பது போன்றவற்றை மறுக்க இதுவே ஆதாரம்.

கர்ப்பமாயிருக்கிறாள் என்பதற்காகவோ பிரசவத்தினால் வந்த சுகவீனத்துக்காகவோ வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது.

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க விடவேண்டும். பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் விடவேண்டும்.

இவற்றை நாம் இவ்வளவு அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர் அளவில். பிள்ளை வளராததற்குத் தாயின் இரத்தசோகை, ஓய்வின்மை, தாய்ப்பால் நேரத்துக்குக் கிடைக்காதது எல்லாம் சேர்ந்த காரணங்கள். அந்த இரண்டு அரை மணித்தியாலமும் சும்மா இருக்கும் நேரமல்ல.

தோட்டத்தின் கடமை 2: வேலையில் விபத்து

மலையில் வழுக்கி விழுந்து கால் முறிவது, கவ்வாத்துக் கத்தி வெட்டுவது, தேயிலை ஸ்டோரில் இயந்திரத்தில் கை அகப்படுவது, கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டுவது இவை நமக்குப் பழகிப்போன விஷயங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் செய்துவிட்டார்கள் என்பதற்காகத் தோட்டத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஏற்பட்ட காயத்தால் உழைக்க முடியாமல் போனால் அல்லது உயிர் போனால், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம் அதிகபட்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபா வரை உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வரும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அது சேர்த்துக்கொண்டது.

இதில் எழுத்து முக்கியம். விபத்து நடந்த அன்றே கணக்கப்பிள்ளைக்கோ கண்டக்டருக்கோ சொல்லி, ஒப்பீசுப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் "எப்படி நடந்தது?" என்று கேட்டால், "மலையில் வேலை செய்யும்போது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்துட்டேன்" என்று யாராவது சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறிய பேச்சைப் பிறகு மாற்றுவது பெரும் பாடு.

தோட்டத்தின் கடமை 3: அதிகம் பேர் அறியாத நிதி

ஊழியர் சேமலாப நிதியை எல்லாருக்கும் தெரியும். அதோடு 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் ஒன்றும் இருக்கிறது. இதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது. தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 3 வீதம் கட்டவேண்டும். கண்ணில் வெண்படலம் நீக்கி வில்லை வைக்கும் சத்திரசிகிச்சை, இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு அங்கத்தவருக்கு இந்த நிதியத்தில் உதவி இருக்கிறது. நிரந்தரமாக இயலாமற் போனாலும், வேலையில் இருக்கும்போது இறந்தாலும் கொடுப்பனவு உண்டு. கண் தெரியாமல் கொழுந்தைத் தடவித் தடவி எடுக்கும் நம் பெரியம்மாக்கள் பலருக்கு இது தெரியாது. அவர்கள் வேலையை விட்டு நிற்பதற்கு முன்பே விசாரிக்கவேண்டும்.

இனி வரும் ஆபத்து: செக்ரோலில் பெயர்

மேலே சொன்ன மூன்றையும் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறது. அந்த நூல், செக்ரோலில் இருக்கும் உங்கள் பெயர்.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்தபோது கொம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளத்தைப் பற்றி எல்லாரும் பேசினோம். ஆனால் இன்னொரு மாற்றம் மெதுவாக நடக்கிறது. மலையைப் பங்கு பிரித்துக் குடும்பத்துக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் 'அவுட்குரோவர்' முறையும், கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் முறையும் பல இடங்களில் கூடி வருகின்றன. கையில் கூடுதலாகக் காசு வரலாம், நேரமும் நம் இஷ்டம். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த நாட்களெல்லாம் செக்ரோல்ல எனக்குப் பேரா விழுமா?" விழாவிட்டால் 150 நாள் கணக்கில் அது சேராமல் போகலாம். 3 வீதம் கட்டுவதும் நிற்கலாம். அடிபட்டால் "நீங்க எங்க வேலையாள் இல்ல" என்ற பதில் வரலாம். கிலோவுக்குக் கூடக் கிடைக்கும் ரூபாவையும் இழக்கக்கூடிய நன்மையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். எதையும் எழுத்தில் கேளுங்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் போன நம் உறவினர் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திய வசதியைத் தோட்டத்தின் தலையிலேயே வைத்திருந்தது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதிய தொழிற் சட்டத் தொகுப்புகள் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, தோட்டத் தொழிலாளரை அரசின் இ.எஸ்.ஐ. காப்புறுதிக்குள் கொண்டுவர வழி திறந்தன. ஆஸ்பத்திரியை யார் நடத்துவது என்பது அங்கேயும் மாறுகிறது. அங்கேயும் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் காப்புறுதி.

லயத்துக் கானும் தண்ணீரும்

வருத்தம் வந்த பின்பு பார்ப்பதைவிட வராமல் தடுப்பது மேல். முன்பு லயத்துக் கான் உடைந்தால் பிரதேச சபையில் கேட்க முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது தோட்ட நிர்வாகத்தோடு பேசி, பாதை, கான், தண்ணீர் வேலைகளைச் சபை செய்யலாம். ஆகவே நீங்கள் வாக்குப் போட்ட உறுப்பினரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

நாம் செய்யவேண்டியது

சம்பளத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் பேரை எண்ணி, ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஸ்கூல் போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் அரசாங்கக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் பதியுங்கள். கிளினிக் அட்டையையும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். அவர் உங்கள் டிவிசனுக்கு வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். தோட்டம் என்பது அவர் வராமலிருக்கக் காரணமல்ல.

அவசரமென்றால் 1990க்குத் தொலைபேசி எடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் பின்பு நம் மாகாணத்துக்கும் வந்தது. காசு கிடையாது. வண்டி லயம் வரை வர முடியாத இடமானால், எந்தச் சந்தியில் நிற்போம் என்று முன்கூட்டியே குடும்பத்தில் பேசி வையுங்கள். பிரசவ வலி வந்த பிறகு கொழுந்து லொறி தேடி ஓடும் காலம் போகட்டும்.

தோட்டம் தரவேண்டியது வரவில்லையென்றால் முதலில் ஒப்பீசில் மரியாதையாகக் கேளுங்கள். பிறகு தலைவரிடமும் நம்மைப் போன்ற நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பதுளைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. போகும்போது சம்பளத் துண்டு, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் கொண்டு போங்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் பக்கத்துக் காம்பராவில் வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, இந்த வருடம் பிள்ளை பெறப்போகும் தங்கச்சிமாருக்கு அந்த 12 வாரத்தையும் 150 நாளையும் சொல்லிக்கொடுங்கள்.